வைக்கட்டா என்று கேட்கும் செய்மதி

நான் செய்யும் வேலைக்கு எங்கள் வீட்டில் இரண்டு பெயர்கள் உண்டு. பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமை அடிக்கும்போது அம்மா சொல்வது, "எம் மக ராக்கெட் விடுறா." என்மேல் கடுப்பாக இருக்கும்போது சொல்வது, "விடிஞ்சதுலருந்து லெப்டொப்புக்கு முன்னால குந்திக்கிட்டு கேம் வெளயாடுறா." இரண்டும் பொய்தான். ஆனாலும் அழுத்திக் கேட்டால், இரண்டாவது கொஞ்சம் கிட்ட வரும் என்று ஒத்துக்கொள்வேன்.

ஏதோ ஒரு நாட்டு இராணுவம், தன் ஆட்கள் காட்டிலும் கடலிலும் இருந்து பேசிக்கொள்வதற்கு ஒரு செய்மதித் தொடர்பு அமைப்பை உருவாக்கப் போகிறது. எந்த நாடு என்று எங்களுக்குச் சொல்லமாட்டார்கள். கேட்டால், கொழும்பில் இருக்கும் எங்கள் குழுத் தலைவர் உடனே தண்ணீர் குடிப்பார். செய்மதியை ராக்கெட்டில் வானத்துக்கு ஏற்றிவிட்ட பிறகு, ஐயையோ, பேசுவதற்கு இன்னும் நாலு வழி கூட வைத்திருக்கலாமே என்று தலையில் கை வைத்துப் பயனில்லை. ஏணி போட்டு ஏறி மாட்ட முடியாது. அதனால் முதலில் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் பொய்யாகச் செய்து ஓடவிட்டுப் பார்ப்பார்கள். பொய்ச் செய்மதி, சிக்னலைப் பலவீனமாக்கும் பொய் மழை, அலைவரிசையைக் குழப்பும் பொய் எதிரி, பொய்ச் சிப்பாய்கள். இதைத்தான் சிமியூலேஷன் என்கிறோம். எங்கள் குழுவில் மழை ஒருவர் பொறுப்பு, எதிரி இன்னொருவர் பொறுப்பு. என் பொறுப்பு பேச்சு. யார் யாரை அழைப்பார்கள், எவ்வளவு நேரம் பேசுவார்கள், வழி கிடைக்காவிட்டால் என்ன செய்வார்கள் என்பதையெல்லாம் நான் எழுதவேண்டும். மாத்தளைக்குப் பக்கத்து அலுவிகாரையில், மெயின் ரோட்டை ஒட்டிய வீட்டில், யாழ்ப்பாணம் போகும் பஸ்கள் ஹோர்ன் அடிக்கும் போதெல்லாம் மைக்கை அமர்த்திக்கொண்டு, முகம் தெரியாத சிப்பாய்களுக்கு வாய் பொருத்திக்கொண்டிருந்தேன்.

வேலையை ஒருநாள் அம்மாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப யாருக்கும் யாருக்கும் சண்ட?" என்றார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. அவங்க பேசிக்கிறதுக்கு நான் வழி போடுறேன், அவ்ளோதான்."

"பேசிக்கிறாங்கன்னா அப்புறம் சண்ட எதுக்கு?"

இந்த நாட்டில் வளர்ந்தவளுக்கு அது வேடிக்கைக் கேள்வி அல்ல என்று தெரியும். எழுந்து தேத்தண்ணி ஊற்றப் போய்விட்டேன்.

சிப்பாய்கள் எப்படிப் பேசுவார்கள் என்று எனக்குக் கொடுத்த குறிப்புகளில் எல்லாம் சுருக்கமோ சுருக்கம். அழைப்பார்கள், விஷயத்தைச் சொல்வார்கள், முடிந்தது என்று ஒரு சொல் சொல்வார்கள், வைப்பார்கள். அப்படியே எழுதி ஓடவிட்டேன். என் பொய் இராணுவம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வரிசையில் போவதுபோல ஒழுங்காகப் பேசியது. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. ஏனென்றால் அடுத்த அறையில் அம்மா தன் தங்கையோடு பேசிக்கொண்டிருந்தார்.

சித்தி யட்டவத்தையில் இருக்கிறார். அங்கே மிளகு, கராம்பு, சாதிக்காய் எல்லாம் ஊரார் கொண்டுவந்து போட, நிறுத்து வாங்கும் கடை வைத்திருக்கிறார். சித்தப்பா தவறிப்போன பிறகு தனி ஆளாய் நின்று நடத்துகிறார். தினமும் காலையில் கடைக்கு ஆள் வருவதற்கு முன்னால் அம்மாவுக்கு எடுப்பார். கொஞ்சம் பேசுவார்கள். பிறகு சித்தி, "சரிக்கா, வைக்கட்டா?" என்பார். அம்மா, "ம், வை," என்பார். அங்கேதான் பேச்சே தொடங்கும். "வைக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்னு நெனச்சேன்..." என்று ஒருவர். "ஆமா, அவ மக கல்யாணம் என்னாச்சு?" என்று மற்றவர். மறுபடி வைக்கட்டா, மறுபடி வை, மறுபடி ஒரு கல்யாணம். எங்கள் வீட்டில் வளர்ந்த எவளும், முடிந்தது என்று சொன்னவுடன் போனை வைக்கும் மனிதர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்று நம்பமாட்டாள். சீருடை போட்டுவிட்டால் மட்டும் வாய் சுருங்கிவிடுமா என்ன?

நான் போய் சிமியூலேஷனை மாற்றினேன். 'முடிந்தது' என்ற சொல்லுக்குப் பிறகும் பேச்சு நீளும் என்று எழுதினேன். சோதித்துப் பார்க்க ஓயாமல் பேசும் ஒரு முகாமை உருவாக்கி அதற்கு ஆங்கில எழுத்தில் 'அம்மா' என்று பெயர் வைத்தேன். எல்லார் பேச்சையும் வெட்டிவிட்டு வழியைப் பறிக்கும் உரிமை கொண்ட தளபதிக்கு 'தம்பி' என்று பெயர். இராணுவத் தொடர்பில் அப்படி ஒரு முறை இருக்கிறது. வழிகள் எல்லாம் நிறைந்திருக்கும்போது பெரிய இடத்து அழைப்பு வந்தால், கீழே பேசிக்கொண்டிருப்பவர் எவராக இருந்தாலும் வெட்டப்படுவார். 'தம்பி' என்று ஏன் வைத்தேன் என்றால், கட்டாரில் வேலை செய்யும் என் தம்பிக்கு எங்கள் வீட்டில் அதே உரிமை இருந்தது.

அந்த உரிமைதான் ஒரு காலையில் வினையை இழுத்துக்கொண்டு வந்தது. அம்மா சித்தியோடு பேசிக்கொண்டிருக்கும்போது தம்பியின் அழைப்பு குறுக்கே வந்திருக்கிறது. அம்மாவின் போனில் அப்போது இரண்டு பொத்தான்கள் தெரியும். ஒன்றை அழுத்தினால் பேசிக்கொண்டிருப்பவர் காத்திருப்பார். மற்றதை அழுத்தினால் அவர் போய்விடுவார், புதியவர் வருவார். நான் பலமுறை சொல்லிக் கொடுத்திருந்தேன். அம்மா மகன் பெயரைப் பார்த்த சந்தோஷத்தில் இரண்டாவதை அழுத்திவிட்டார். சித்தி அப்போது, "அக்கா, நான் வந்து..." என்று ஏதோ சொல்ல வாய் எடுத்திருந்தார். அவ்வளவுதான், சித்தி போய்விட்டார்.

தம்பி பேசி முடித்தான். கட்டாரில் வெயில், சாப்பாட்டில் உப்பில்லை, வேறு விசேஷம் இல்லை. அதன் பிறகு அம்மா போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு, சித்தி திரும்ப எடுப்பார் என்று காத்திருந்தார். எடுக்கவில்லை. மறுநாளும் எடுக்கவில்லை.

"நீ எடேன்மா," என்றேன்.

"நான் ஏன் எடுக்கணும்? அவதான் சின்னவ. அவ எடுக்கட்டும்."

"வெட்டினது நீதானே?"

"நான் எங்கடி வெட்டுனேன்? இந்தப் போன்தான் வெட்டுச்சு."

அந்தப் பக்கம் சித்தியின் நியாயம் பக்கத்துக் கடைக்காரர் வாயிலாக வந்து சேர்ந்தது. "மகன் போன் வந்தா தங்கச்சி யாருன்னு கேக்குறா அக்கா. இனி அவளா எடுத்தாத்தான் பேசுவேன்." ஆக இருவரும் மற்றவர் எடுப்பதற்காகக் காத்திருந்தார்கள். கம்ப்யூட்டரில் இப்படி ஒரு முடிச்சு விழுந்தால் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்குவோம். அக்கா தங்கையை எங்கே நிறுத்தித் தொடங்குவது?

நாட்கள் போகப் போக அம்மாவின் ரோஷம் பயமாக மாறியது. காரணம் அந்த அரைகுறை வாக்கியம். "நான் வந்துன்னு சொன்னா. என்னா சொல்ல வந்திருப்பா?" என்று அடுப்படியிலிருந்து கேட்பார். "வந்து தேர்த் திருவிழாவுக்கு ஒங்கூட தங்கப்போறேன்னு சொல்ல வந்திருப்பாளோ?" மத்தியானம் வேறு ஒன்று. "வந்து கடையக் குடுத்துட்டேன்னு சொல்ல வந்திருப்பா." சாயங்காலம் விளக்கு வைத்துவிட்டு வந்து மெதுவான குரலில், "டாக்டர்கிட்ட காட்டிட்டு வந்தேன்னு சொல்ல வந்தாளோ என்னமோ. கொஞ்ச நாளா மூச்சு வாங்குதுன்னா."

"அம்மா, அது சும்மா வாயில வர்ற 'வந்து'. நீயும் நானும் வாக்கியத்துக்கு ரெண்டு தரம் சொல்றோம். அதுக்கு அர்த்தமே கெடையாது."

"சும்மா வர்ற வந்துவா, நெசமா வர்ற வந்துவான்னு ஒனக்கு எப்புடித் தெரியும்? ராக்கெட் விட்டா எல்லாம் தெரிஞ்சுருமா?"

எனக்குத் தெரியாதுதான். சொல்லிவிட்டேன், தெரியாது என்று. அம்மா அன்று தன் ராத்திரிச் சாப்பாட்டைக் கோழிக்குப் போட்டுவிட்டார்.

இதற்கு நடுவே என் பொய் உலகத்தில் பெரிய நெரிசல். 'தம்பி' வழியைப் பறிக்கும் போதெல்லாம், வெட்டப்பட்டவர்கள் உடனே திரும்ப அழைத்தார்கள். கிடைக்காவிட்டால் மறுபடி, மறுபடி. ஒருவரை வெட்டினால் அவர் நாலு தடவை முட்டுவார். அந்த முட்டலில் வழி கிடைக்காமல், வெட்டப்படாதவர்களும் முட்டத் தொடங்குவார்கள். மாத்தளை பஸ் ஸ்டாண்டில் ஒரு பஸ் குறைந்தால் என்ன நடக்குமோ அது நடந்தது. மழை பொறுப்பாளர் தன் பங்குக்கு ஒரு பொய்ப் புயலையும் இறக்கிவிட்டார். திரை முழுக்கச் சிவப்பு.

அப்போது எனக்குக் குறும்பு தலைக்கேறியது. வெட்டப்பட்ட எல்லோரும் திரும்ப அழைப்பார்கள் என்று யார் சொன்னது? எங்கள் குடும்பத்தில் ஒருவர் அழைக்காமல் இருக்கிறாரே! உடனே ஒரு புது முகாமைச் சேர்த்தேன். பெயர் 'சித்தி'. வெட்டப்பட்டால் மறுபடி அழைக்காது. மூச்சு விடாது. அதைப் போலவே ஆங்காங்கே இன்னும் சிலவற்றையும் தூவிவிட்டு ஓடவிட்டேன். அடேயப்பா, நெரிசல் குறைந்தது! ரோஷக்காரர்கள் ஒதுங்கிக்கொண்டதால் மற்றவர்களுக்கு வழி கிடைத்தது. சித்தி முகாம் திரையில் குளுகுளுவென்று பச்சையாக ஒளிர்ந்தது. அதன் பொருள், இங்கே குறை ஒன்றும் இல்லை. சிரித்துக்கொண்டே எழுந்துபோய்ப் பார்த்தால், அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு, மணி அடிக்கிறதா என்று சத்தத்தைக் கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது.

பரிசீலனைக் கூட்டம் வந்தது. திரையில் நாங்கள், கொழும்பில் தலைவர், எங்கேயோ ஓர் ஊரில் அந்த இராணுவத்தின் தரப்பு ஆள். வயதான குரல். வேலைக்காலம் முழுக்கத் தொடர்புப் படையில் இருந்தவர் என்று மட்டும் சொல்லியிருந்தார்கள். அவர் கேமராவைத் திறக்கவே இல்லை. நான் சிமியூலேஷன் படத்தைத் திரையில் போட்டேன். முகாம்களின் பெயரை மாற்ற வேண்டும் என்று நினைத்து நினைத்து மறந்திருந்தேன்.

குரல் வெகு மரியாதையாகக் கேட்டது. "மழை தொடங்கியதும் அம்மா ஏன் கிடைப்பதில்லை?"

எங்கள் தலைவர் சிங்களவர். சிங்களத்திலும் அம்மா அம்மாதான். அவருக்குப் புரையேறியது. அடுத்த நொடி எனக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினார்: "மே மொகக்த?" இது என்ன கூத்து என்று.

"அது ஒரு சுருக்கப் பெயர் சேர்," என்று பொதுவில் சொன்னேன். எதன் சுருக்கம் என்று நல்லவேளையாக யாரும் கேட்கவில்லை. அதன் பிறகு கூட்டம் முழுக்க எல்லோரும் கர்மசிரத்தையாகப் பேசினார்கள். அம்மா ஒருமுறை பிடித்த வழியை விடுவதில்லையே, இது இயல்பா? இயல்புதான். அம்மாவை வெட்டினால் அம்மா எத்தனை தடவை திரும்ப அழைக்கும்? தம்பிக்கு இவ்வளவு அதிகாரம் கட்டாயம் தேவையா? இந்தக் கேள்வியை எங்கள் வீட்டில் நான் சின்ன வயதிலிருந்து கேட்டு வருகிறேன், ஒருவரும் பதில் சொன்னதில்லை. நான் முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். தலைவர் தன் கேமராவை அணைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார் என்று பின்னால் தெரிந்தது.

கடைசியில் குரல் கேட்டது. "இந்த ஒன்று. சித்தி. வெட்டப்பட்ட பிறகு அது எதுவுமே செய்யவில்லை. பழுதா?"

"பழுதில்லை சேர். அது திரும்ப அழைக்காது. அப்படி எழுதியிருக்கிறேன்."

"ஏன்?"

கோபம் என்று சொல்ல முடியுமா? "சிலர் அழைக்கமாட்டார்கள், சேர்," என்றேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "திரும்பத் திரும்ப அழைக்கிறவனைப் பற்றி எங்களுக்குப் பயமே இருந்ததில்லை. அவன் உயிரோடு இருக்கிறான், எரிச்சலில் இருக்கிறான். வெட்டப்பட்டு அழைக்காமல் இருக்கிறானே, அவனைத்தான் தேடிக்கொண்டு போவோம். நீங்கள் அவனைப் பச்சையில் காட்டுகிறீர்கள்."

கூட்டம் முடிந்ததும் லெப்டொப்பை மூடிவிட்டு அம்மாவிடம் போனேன். "சீலையை மாத்து. யட்டவத்தைக்குப் போறோம்."

"நான் வரல்ல."

"ஆமியே சொல்லிருச்சும்மா. தேடிக்கிட்டுப் போகணுமாம்."

அம்மா உள்ளே போய்ச் சீலையை மாற்றினார். நல்ல சீலை.

த்ரீவீல் பலாபத்வலைச் சந்தியில் திரும்பி உள் ரோட்டில் ஏறும்வரை அம்மா ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். "நான் பேசமாட்டேன். அவ மொதல்ல பேசட்டும். நான் சும்மா இந்தப் பக்கம் வந்தேன்னு சொல்லு." சும்மா இந்தப் பக்கம் வருகிறவர்கள் தங்கைக்குப் பிடித்த பால்ரொட்டியைப் பொட்டலம் கட்டிக்கொண்டு வருவதில்லை. அதை நான் சொல்லவில்லை, த்ரீவீல்காரர் கேட்டுக்கொண்டிருந்தார்.

சித்தி தராசுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கராம்பில் காம்பு பொறுக்கிக்கொண்டிருந்தார். உடம்புக்கு ஒன்றும் இல்லை, முகத்தில் நல்ல தெளிவு. அம்மாவைப் பார்த்தார். எழுந்திருக்கவில்லை. மிளகு கொண்டுவந்திருந்த மனிதரிடம் சிங்களத்தில் ஹரி ஹரி, அதாவது சரி சரி, என்று சொல்லி அனுப்பிவிட்டு, மறுபடி காம்பு பொறுக்கத் தொடங்கினார். அம்மா கூரையைப் பார்த்தார். நான் இருவரையும் பார்த்தேன். கடைக்குள் கராம்பு வாசம் மூக்கைத் துளைத்தது.

"சித்தி, அம்மா சும்மா இந்தப் பக்கம்..." என்று நான் தொடங்க, அம்மாவால் தாங்க முடியவில்லை.

"அன்னைக்கு என்னாடி சொல்ல வந்த?"

"என்னைக்கு?"

"நடிக்காத. நான் வந்துன்னு சொன்னீல்ல? வந்து என்னா? டாக்டர்கிட்ட போனியா? கடையக் குடுத்துட்டியா? சோறு எறங்கல எனக்கு!"

சித்தி காம்பைக் கீழே வைத்தார். "நான் வந்து வைக்கட்டான்னு கேக்க வந்தேன்."

"என்னாது?"

"கடைக்கு ஆள் வந்திருச்சு. சரிக்கா, நான் வந்து வைக்கட்டான்னு கேக்க வாயெடுத்தேன். நீ வச்சிட்ட."

அம்மா வெடித்தார். "அடிப்பாவி! வைக்கப்போனவதானே நீ? நானே வச்சிட்டேன். வேலை முடிஞ்சிருச்சு! இதுக்கா மூஞ்சியத் தூக்கி வச்சிக்கிட்டு இத்தன நாளா..."

"இதுக்குத்தான்," என்றார் சித்தி. குரல் உயரவில்லை. "எங்க வீட்டுக்காரரு தவறிப்போன அன்னைக்கு தம்புள்ளைக்கு லொறியில போயிட்டு எனக்கு எடுத்தாரு. நான் வந்துன்னாரு. அதோட லைன் போச்சு. சரி, வந்துக்கிட்டிருக்காரு போலன்னு நான் ஒல வச்சேன். அதுக்கப்புறம் யாரோதான் எடுத்தாங்க, ஆஸ்பத்திரியிலருந்து. வந்துக்கிட்டிருக்கேன்னு சொல்ல வந்தாரா, நெஞ்சு வலிக்குதுன்னு சொல்ல வந்தாரா, எனக்கு இன்னும் தெரியாதுக்கா. போன் டொக்குன்னு போச்சுன்னா எனக்கு அதுதான். அன்னைக்கு நான் அதே வார்த்தைய சொல்லிக்கிட்டிருக்கேன், டொக்குன்னு போச்சு."

சித்தப்பா மாரடைப்பில் போனது எங்களுக்குத் தெரியும். அந்த அழைப்பைப் பற்றித் தெரியாது. 'நான் வந்து' என்று நம் ஊரில் சொல்லாத வாய் எது? அர்த்தமே கிடையாது என்று அம்மாவிடம் அடித்துச் சொன்ன என் வாயை எனக்கே மூட வேண்டும்போல இருந்தது.

அம்மா பால்ரொட்டிப் பொட்டலத்தைத் தராசுத் தட்டிலேயே வைத்துவிட்டு, சித்திக்குப் பக்கத்தில் சாக்கின்மேல் உட்கார்ந்தார். ஒரு பிடி கராம்பை எடுத்துக் காம்பு பொறுக்கினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இத ஏன்டி ஒருநாளும் எங்கிட்ட சொல்லல?" என்றார்.

"சொல்றதுக்குத்தான் தெனமும் எடுக்குறேன். நீ எங்க என்னைய பேசவிடுற?"

இருவரும் சிரித்தார்கள். அப்புறம் அழுதார்கள். அப்புறம் பால்ரொட்டியை எனக்கு ஒன்றுகூட மிச்சம் வைக்காமல் தின்றார்கள்.

நான் வீட்டுக்கு வந்து வேலையில் இரண்டு மாற்றங்கள் செய்தேன். வெட்டப்பட்டு அழைக்காமல் இருக்கும் முகாமை இனிப் பச்சையில் காட்டாதபடி, கண்ணைக் குத்தும் சிவப்பில் வைத்தேன். அடுத்தது, வெட்டுவதற்கு முன் ஒரு மெல்லிய மணி. தம்பி வருகிறான், முடித்துக்கொள் என்று காதில் சொல்லிவிட்டு, சில விநாடி பொறுத்து வெட்டும் மணி. நான் கண்டுபிடித்த புதுமை ஒன்றும் இல்லை, பழைய இராணுவத் தொலைபேசிகளில் அந்த வழக்கம் இருந்ததுதான். எங்கள் வடிவமைப்பில் நேரத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்று தூக்கியிருந்தார்கள். திரும்ப வைத்து ஓடவிட்டேன். வேடிக்கையைப் பாருங்கள், மிச்சம் பிடித்தபோது இருந்ததைவிட நெரிசல் குறைந்தது. சொல்ல வந்ததைச் சொல்லி முடித்தவன் திரும்ப அழைத்து முட்டவில்லை. 'அம்மா' முகாம்கூடப் பாதி அமைதியானது.

எத்தனை விநாடி என்பதுதான் கேள்வி. மறுபடி யட்டவத்தைக்குப் போய் சித்தியைத் தராசுக்குப் பக்கத்தில் உட்காரவைத்து, வழக்கமாகச் சொல்வதுபோலச் சொல்லச் சொன்னேன். சித்தி வெட்கப்பட்டுக்கொண்டு, இல்லாத அக்காவிடம், "சரிக்கா, நான் வந்து... வைக்கட்டா?" என்று இழுத்தார். போனில் அளந்துகொண்டேன். அடுத்த கூட்டத்தில் அந்தக் குரல், இந்த அளவு எங்கிருந்து வந்தது என்று கேட்டபோது, "களத்தில் அளந்தது சேர்," என்றேன். பொய் இல்லை. அந்த மணிக்கு நிரலில் நான் வைத்திருந்த பெயரை அவர் எழுத்துக்கூட்டி வாசித்தார். "வைக்-கட்-டா." நல்ல பெயர் என்றும் சொன்னார். தலைவருக்கு மறுபடி புரையேறியது.

இப்போது காலையில் சித்தி எடுக்கும்போது தம்பி குறுக்கே வந்தால், அம்மா அவனுடைய அழைப்பைத் தொடுவதே இல்லை. கட்டாரில் அவன் காத்திருக்கிறான். "வைக்கட்டா?" "ம், வை." "நீ வை." "இல்ல, நீ வை மொதல்ல." யாரும் வைப்பதில்லை. சித்தி போனைத் தராசுக்குப் பக்கத்தில் திறந்தபடியே வைத்துவிட்டு வியாபாரம் பார்க்கிறார். அம்மா இங்கே தேங்காய் துருவிக்கொண்டே அங்கே மிளகு நிறுப்பதைக் கேட்கிறார்.

அந்தச் செய்மதி எந்த நாட்டின் தலைக்கு மேல் போய் நிற்கும் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சித்தி இழுத்துச் சொன்னதன் நீளத்தைத்தான் அதில் வைத்திருக்கிறேன். ஆனால் சித்தப்பா சொல்ல வந்தது எவ்வளவு நீளம் என்று யாருக்கும் தெரியாதே. அதனால் அளந்ததற்கு மேல் இரண்டு விநாடி கூட்டிப் போட்டிருந்தேன். இந்தக் கூடுதல் எதற்கு என்று கூட்டத்தில் கேட்டார்கள்.

மழைக்கு என்றேன்.